வீட்டு வண்டியில் ஒரு புரட்டாசி சனிக்கிழமை

ஓடுகிற வண்டிக்குள் அடுப்பு இருக்கும், கட்டில் இருக்கும், கக்கூஸும் இருக்கும் என்று மகள் போனில் சொன்ன அன்றைக்கே நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். ஆரணியிலிருந்து வேலூருக்குப் பஸ்ஸில் போவதற்கே எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். கண்ணமங்கலம் தாண்டி எதிரில் லாரி வந்தால் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிடுவேன். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் என்னைப் பார்த்துச் சிரிப்பாள். சிரிக்கட்டும். நான் பயந்து பயந்தேதான் பேரன் பேத்தி எடுக்கிற வயது வரைக்கும் பத்திரமாக வந்து சேர்ந்திருக்கிறேன்.

"நியூசிலாந்து வரைக்கும் வந்துட்டு வூட்டுக்குள்ளயே குந்திகினு இருக்கப் போறியாம்மா?" என்றாள் வித்யா. எங்களுக்கு ஒரே மகள். கல்யாணமானதிலிருந்து கிறைஸ்ட்சர்ச்சில் இருக்கிறாள். "நாலு நாளுக்கு வண்டிய வாடகைக்கு எடுக்கறோம். நீயே சமைச்சிக்கலாம், நெனைச்ச எடத்துல நிறுத்திக்கலாம். பாத்ரூம் எங்கன்னு தேட வேணாம்."

"பொண்ணு ஆசையா கூப்புடுது. உனக்கு இன்னா வந்துச்சி?" என்றார் என் வீட்டுக்காரர்.

இந்த மனுஷருக்கு ரோடு என்றால் பயமே கிடையாது. பட்டுப் புடவை வியாபாரம். முள்ளிப்பட்டில் தறிக்காரர்களுக்கு நூல் கொடுத்து நெய்து வாங்கி, காஞ்சிபுரம், வேலூர்க் கடைகளுக்குத் தன் லோடு வேனில் தானே ஓட்டிக்கொண்டு போய்ப் போட்டுவிட்டு வருவார். இத்தனை வருடத்தில் ஒரு கீறல் விழுந்ததில்லை என்று எல்லாரிடமும் சொல்லிக்கொள்வார். வேன் மேல் விழுந்த கீறல்களை அவர் சேர்க்கமாட்டார்.

அவர் பயப்படுகிற விஷயம் ஒன்றுதான். அது என் உடம்பு. சில வருடங்களுக்கு முன்னால் என் மார்பில் கட்டி வந்தது. வேலூரில் அறுத்து எடுத்தார்கள். ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு இவர் பெருமாளிடம் பேசியிருக்கிறார். இவளை எழுப்பிக் கொடுத்துவிடு, நான் இருக்கிற வரைக்கும் புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை எங்கள் வீட்டில் தளிகை போட்டுக் கற்பூரம் காட்டாமல் ஒரு வாய் சாப்பிடமாட்டேன் என்று. நான் எழுந்துவிட்டேன். அதற்குப் பிறகு அந்த ஒரு சனிக்கிழமையில் அவரை யாரும் அசைக்க முடியாது.

தளிகை என்றால், தலைவாழை இலையில் வகைவகையாகச் சாதத்தைப் பெருமாள் முகமாக வைத்து, நாமம் போட்டு, மாவிளக்கு ஏற்றி, வீடே அதிரக் கோவிந்தா சொல்லிக் கும்பிடுவது. மதியத்துக்குள் முடிந்துவிடும். இந்த வருடம் மகள் டிக்கெட் போட்டது சரியாகப் புரட்டாசியில். "தம்பி நம்ம வூட்ல தளிகை போடட்டும். கற்பூரம் எங்க ஏறணுமோ அங்க ஏறும். நான் இருக்கற எடத்துல வெரதம் இருந்துக்கறேன்" என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அவருக்குச் சர்க்கரை இருக்கிறது, மாத்திரை போட்டால் கட்டாயம் சாப்பிட வேண்டும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார் என்பதெல்லாம் தெரிந்தும் சரியாகப் பட்டது.

வண்டியைப் பார்த்ததும் என் கால் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. வேன் என்று சொல்லியிருந்தார்கள். எதிரில் நின்றது டவுன் பஸ் அளவுக்கு இருந்தது. டிரைவர் தலைக்கு மேலே ஒரு பரண், அதில் மெத்தை. பின்னால் இன்னொரு படுக்கை. நடுவில் கேஸ் அடுப்பு, அதற்குப் பக்கத்திலேயே சன்னமான கதவு போட்ட கக்கூஸ். சமைக்கிற இடத்துக்கும் அதற்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. நான் வித்யாவைப் பார்த்தேன். அவள் வேறு பக்கம் பார்த்தாள்.

வாடகை விடுகிற ஆபீஸ் பெண் கேஸை எப்படித் திறப்பது, எப்படி மூடுவது, கக்கூஸ் பெட்டி நிறைந்தால் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று எல்லாம் காட்டினாள். கடைசியில் என் முகத்தைப் பார்த்து ஏதோ சொன்னாள். "நீங்க பயப்படவே தேவையில்லன்னு சொல்றாங்கம்மா" என்றாள் வித்யா. யார் இந்த வார்த்தையைச் சொன்னாலும் எனக்கு அங்கிருந்துதான் பயம் ஆரம்பிக்கும்.

மாப்பிள்ளை கார்த்தி போளூர்க்காரர், சாது. அவர்தான் ஓட்டுவதாக ஏற்பாடு. "மாமா பேரையும் டிரைவராப் போட்டு வைக்கறேன், ஒரு பந்தாவுக்கு" என்று சிரித்தார். இவர் அதற்குள் ஜன்னல் திரையை இரண்டு விரலால் நிமிண்டிப் பார்த்து, "பாலியஸ்டர்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

வண்டி கிளம்பியதும் அலமாரிக்குள் இருந்த தட்டு, டம்ளர், கரண்டி எல்லாம் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டன. ஏதோ பாகம் பாகமாகக் கழன்று விழுகிறது என்றே நினைத்தேன். வழியெல்லாம் பச்சைப் புல், அதில் கம்பளி மூடிய ஆடுகள், ஆட்டுக்குப் பின்னால் குட்டிகள். "எவ்ளோ நூலு நடந்து போவுது பாரு" என்றார் இவர். ஆள்தான் இல்லை. ஊருக்கும் ஊருக்கும் நடுவில் ஒரு டீக்கடை, ஒரு பஞ்சர் கடை, ஒரு மனுஷன் இல்லை. நம் பக்கம் வண்டி நின்றுபோனால் ஐந்து நிமிஷத்தில் பத்துப் பேர் கூடி ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். இங்கே நின்றுபோனால் ஆடுதான் வந்து பார்க்கும்.

சாப்பாடு இன்னொரு கஷ்டம். புரட்டாசி மாதம், கவுச்சி கிடையாது. பெட்ரோல் பங்கில் கண்ணாடிப் பெட்டிக்குள் சூடாக வைத்திருக்கிற பண்டம் எதைக் கேட்டாலும் உள்ளே மாடு, கோழி, பன்றி. உருளைக்கிழங்கு வறுவல் ஒன்றுதான் மிஞ்சியது. அதையும் எதில் பொரித்தார்களோ என்று இவர் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் போட்டார்.

அன்று சாயங்காலம் ஏரிக்கரையில் வாடகை வண்டிகள் நிற்கிற மைதானத்தில் நிறுத்தினோம். ரசத்துக்குத் தாளிக்கலாம் என்று எண்ணெயில் கடுகும் மிளகாயும் போட்டேன். அவ்வளவுதான். தலைக்கு மேலே ஏதோ ஒன்று வீல் என்று அலற ஆரம்பித்தது. கேஸ் வெடிக்கப் போகிறது என்று கரண்டியோடு கீழே குதித்துவிட்டேன். அது புகை மணியாம். பக்கத்து வண்டியிலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பாட்டி நாயோடு ஓடி வந்து, மூக்கை உறிஞ்சி, தும்மி, "இந்த வாசனைக்காகவே நான் இன்னும் கொஞ்ச நேரம் நிற்கிறேன்" என்றார். ரசம் கொடுத்தோம். இரண்டு டம்ளர் குடித்தார்.

அந்த அம்மா தனியாக ஒரு பழைய பஸ்ஸை வீடாக்கிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றுகிறாராம். பயமாக இல்லையா என்று வித்யாவை விட்டுக் கேட்டேன். "எதற்குப் பயப்படவேண்டும்?" என்று நிஜமாகவே தெரியாமல் கேட்டார். என்னிடம் பெரிய பட்டியலே இருந்தது. அதைச் சொல்ல எனக்கு இங்கிலீஷ் போதவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஏரித் தண்ணீர் மயில்கழுத்து நிறம். அந்த நிறத்தில் ஒரு புடவை போட்டால் யார் வாங்குவார்கள் என்று இவர் யோசித்துக்கொண்டு நின்ற நேரத்தில், மாப்பிள்ளை தண்ணீரில் கால் நனைக்கப் போனார். கல் வழுக்கியது. வலது கணுக்கால் பந்து மாதிரி வீங்கிவிட்டது. முறிவு இல்லை, ஆனால் காலை ஊன்ற முடியவில்லை. பிரேக்கை எங்கே மிதிப்பது?

எங்கள் இடத்துக்கு அடுத்த நாள் வேறு ஆள் வருகிறார்கள், காலையில் காலி செய்யவேண்டும். பள்ளிக்கூட விடுமுறை என்பதால் எங்குமே இடம் இல்லை. எங்களுக்கு இடம் கிடைத்திருப்பது மலைக்கு அந்தப் பக்கம். வித்யா சின்னக் காரைத் தவிர எதையும் தொட்டதில்லை, இந்த வண்டியைப் பார்த்தாலே அவளுக்கு உதறல்.

"இதுக்குப் போய் ஏன் பேஜாராவுறீங்க? நான் இல்ல?" என்றார் இவர். "நம்ம ஊரு மாதிரியே லெஃப்ட்ல ஓட்டறாங்க. கியர் போடற வேலகூட இல்ல. வேலூரு பஸ் ஸ்டாண்டுல வண்டி நுழைச்சவனுக்கு இதெல்லாம் ஒரு ரோடா?"

நான் அவரைத் தனியாக அழைத்துக்கொண்டு போனேன். "நாளைக்கு மூணாம் சனிக்கிழமைங்க."

"ஆமா. அதுக்கு?"

"வெரதத்தோடவா ஓட்டப் போறீங்க?"

"வெரதம் வயித்துக்கு. ஓட்டப் போறது கையும் காலும். நீ இதை மாப்பிள்ள காதுல போடாத. படிச்சவரு, மனசுக்குள்ள சிரிப்பாரு."

உலகத்திலேயே முதலில் விடிகிற தேசம் இது என்று வித்யா வந்த அன்றைக்கே சொல்லியிருந்தாள். எல்லாம் நமக்கு முந்தி நடக்கிற ஊர். ஆகவே விரதமும் ஊரைவிட முந்தி முடியும், மதியத்துக்குள் ஆரணியில் கற்பூரம் ஏறிவிடும் என்று நாங்கள் இரண்டு பேருமே நினைத்துக்கொண்டோம். ஆளுக்கு ஒரு கடிகாரம் கையில் கட்டிக்கொண்டு, வியாபாரம் பண்ணிப் பிழைக்கிற இரண்டு பேர் இப்படி நினைத்தோம். யாரையும் கேட்கவில்லை. கேட்டால் விரதம் வெளியே தெரிந்துவிடுமே.

சனிக்கிழமை விடியும்போதே குளித்து நாமம் இட்டுக்கொண்டார். நாங்கள் ரொட்டி சாப்பிட்டோம். "எனக்கு முன்னாடியே ஆச்சி" என்று வித்யாவிடம் ஒரு பொய்யைப் போட்டுவிட்டு ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தார். நான் அவர் பக்கத்தில் முன் சீட்டில். வித்யாவும் மாப்பிள்ளையும் பின்னால். நன்றாகத்தான் ஓட்டினார். சொன்னால் நம்பமாட்டீர்கள், ஒரு மணி நேரம் நான்கூடக் கண்ணைத் திறந்து வைத்திருந்தேன்.

மலை ஏறுவதற்கு முன்னால் ஒரு சின்ன ஊரில் டீசல் போட நிறுத்தினோம். வெயில் உச்சிக்கு வந்திருந்தது. அவர் சாதாரணமாகக் கேட்கிற மாதிரி மகளைக் கேட்டார்: "இப்ப ஆரணில மணி இன்னா இருக்கும்?"

"விடியக்காலம்பா. நாலரை. சித்தப்பாலாம் இன்னும் எழுந்தே இருக்க மாட்டாங்க."

அவர் முகத்தில் ரத்தம் சுண்டிப்போனதை நான் பார்த்தேன். முதலில் விடிகிற ஊரில் காத்திருக்கிறவன்தான் அதிக நேரம் காத்திருக்கவேண்டும் என்பது அப்போதுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது. சேகர், அதாவது அவர் தம்பி, எழுந்து, குளித்து, சாமான் வாங்கி, சமைத்து, தளிகை போட்டுக் கற்பூரம் காட்டும்போது இங்கே பொழுது சாய்ந்துவிடும்.

"எதனா வாயில போட்டுக்குங்க" என்றேன் மெதுவாக.

"பேசாத வா."

"காலைல மாத்திரை போட்டீங்களா?"

"போட்டேன். மாத்திரை சாப்பாட்டுல சேராது."

ஊரில் வருடா வருடம் இதைத்தான் செய்திருக்கிறார் போல. மாத்திரையைப் போட்டுக்கொண்டு மதியம் வரைக்கும் பட்டினி. ஆனால் அங்கே வீட்டில் பாயில் உட்கார்ந்திருப்பார். நான் அப்போதே கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. ஏன் என்றால் அந்த விரதம் யாருக்காக என்று எனக்குத் தெரியும். வேண்டுதலை உடைக்கச் சொல்ல என் நாக்கு எழவில்லை. பயந்தவள் என்று என்னை எல்லாரும் சொல்வார்கள். அன்றைக்கு எதற்கு முதலில் பயப்படுவது என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

மலைப்பாதையில் மரமே இல்லை. காய்ந்த புல் மூடிய மொட்டை மலைகள், நடுவில் ஒற்றைச் சாலை, ஒரு பக்கம் பள்ளம். காற்று பக்கவாட்டில் வந்து வண்டியை ஒரு தள்ளுத் தள்ளும். ஒவ்வொரு தள்ளுக்கும் நான் அவரைப் பார்த்தேன். கொட்டாவி விட்டார். மறுபடியும் விட்டார். வெளியே தூரத்து மலை உச்சியில் பனி கிடக்கிறது, இவர் சட்டை முதுகில் வேர்வையால் ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஏங்க, கொஞ்சம் நிறுத்துங்களேன்."

அவர் சாலை நடுவில் விட்டுவிட்டு ஓடும் வெள்ளைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தனக்குத்தானே சொல்கிற மாதிரி, "பாவு அறுந்துகினே போவுது பாரு. யாரும் முடி போடல" என்றார். பாவு என்பது தறியில் நெடுக்காக ஓடுகிற நூல்.

வண்டி அந்தக் கோட்டைத் தாண்டி வலது பக்கம் நகர்ந்தது. எதிரே வளைவில் ஒரு பெரிய பால் டேங்கர் ஆரன் அடித்துக்கொண்டே வந்தது. "அப்பா!" என்று பின்னால் வித்யா கத்தினாள். நான் கண்ணை மூடவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்து என் பக்கம் இழுத்தேன். டேங்கர் எங்கள் ஜன்னலை உரசிக்கொண்டு போன காற்று முகத்தில் அடித்தது. எங்கள் வண்டி புல்லில் இறங்கி, குலுங்கி, அவர் கால் எப்படியோ பிரேக்கை மிதிக்க, நின்றது. அலமாரி திறந்து தட்டெல்லாம் கீழே கொட்டின. பள்ளம் நாலு அடி தள்ளி இருந்தது.

"இன்னாப்பா ஆச்சி? தூங்கிட்டியா?" வித்யா முன்னால் ஓடி வந்தாள்.

"லோ சுகர் மாதிரி இருக்கு. ஜல்தியா ஜூஸ் எடு" என்றார் மாப்பிள்ளை ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டே.

ஆரஞ்சு ஜூஸை வாயருகே கொண்டுபோனால் இவர் பல்லை இறுக்கிக்கொண்டார். கையால் தட்டிவிட்டார். ஜூஸ் என் புடவையெல்லாம் கொட்டியது. கண் எங்கோ நிலைகுத்தி இருக்கிறது, ஆனால் அந்த ஒரு விஷயம் மட்டும் மறக்கவில்லை. "கற்பூரம் ஏறல... இன்னும் ஏறல" என்று முனகினார்.

"எந்தக் கற்பூரம்? ம்மா, அப்பா இன்னா சொல்றாரு?"

அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். வித்யா இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். போனை எடுத்துப் பார்த்தாள். மலைக்கு நடுவில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. சித்தப்பாவை எழுப்பி ஒரு கற்பூரத்தை ஏற்றச் சொல்லவும் வழியில்லை, ஆம்புலன்ஸைக் கூப்பிடவும் வழியில்லை.

நாய்கள் ஏற்றிய ஒரு பண்ணை வண்டி வந்து நின்றது. ஓட்டி வந்த பெண் இறங்கி, அவர் முகத்தைப் பார்த்ததும், "சர்க்கரையா? என் அப்பாவுக்கும் இப்படித்தான் வரும். உடனே இனிப்பு கொடுங்கள், நேரம் கடத்தாதீர்கள்" என்றாளாம். குடிக்கமாட்டேன் என்கிறார் என்று வித்யா சொல்ல, "குடிக்கமாட்டாரா? ஏன்?" என்று கேட்டுக்கொண்டு அந்தப் பெண் முழித்தாள். பெருமாளையும் தளிகையையும் அந்த மலையில் நின்றுகொண்டு யாருக்கு எப்படி விளக்குவது?

நான் ஜாம் பாட்டிலைத் திறந்தேன். கரண்டியில் அள்ளும்போது எனக்கு இரண்டு பயம். இவர் என் கண்ணெதிரே போய்விடுவாரோ என்பது ஒன்று. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன்: என் உயிருக்காகப் போட்ட வேண்டுதலை என் கையாலேயே உடைக்கிறேனே, மறுபடியும் கட்டி வந்தால் என்ன செய்வேன் என்றும் பயந்தேன். எனக்குச் சாவதற்குக் கொஞ்சமும் ஆசை இல்லை.

அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து என் பக்கம் திருப்பினேன். "இங்க பாருங்க. என்னைப் பாருங்க. நேந்துகினது என் உசுருக்குத்தான? அந்த உசுருதான் சொல்லுது. வாயத் தொறங்க."

அவருக்கு என்ன புரிந்தது என்று தெரியாது. என்னையே பார்த்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. பிறகு வாயைத் திறந்தார். ஒரு கரண்டி, இன்னொரு கரண்டி, அப்புறம் ஜூஸ். கொஞ்ச நேரத்தில் நெற்றி வேர்வை நின்றது. "தட்டெல்லாம் ஏன் கீழ கெடக்குது?" என்று கேட்டார். வித்யா ஓவென்று அழுதாள்.

மலையிலிருந்து வண்டியை இறக்கியது அவள்தான். வேறு ஆள் இல்லை. பண்ணைக்காரப் பெண் இரண்டு பக்க விளக்கையும் சிமிட்டிக்கொண்டு எங்களுக்கு முன்னால் மெதுவாகப் போனாள். எங்களுக்குப் பின்னால் பெரிய வரிசையே சேர்ந்துவிட்டது, ஆனால் ஒருவரும் ஆரன் அடிக்கவில்லை. வித்யாவின் தோள்பட்டை காதுவரை ஏறியிருந்தது. நான் பின்னால் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, ஒவ்வொரு வளைவுக்கும் அவரைப் பேச வைத்தேன். பேசாமல் இருந்தால் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

அடுத்த ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் விரலைக் குத்திப் பார்த்தாள். சர்க்கரை ஏறிவிட்டது, பயமில்லை, ஆனால் இவர் இனிமேல் இந்தப் பயணத்தில் வண்டியைத் தொடக் கூடாது என்றாள். ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டாள். வித்யா என்னென்னவோ சொல்லி விளக்கினாள். அந்தப் பெண் என்னை ஒரு முறை பார்த்தாள், அவரை ஒரு முறை பார்த்தாள், போய் இரண்டு துண்டு ரொட்டியில் வெண்ணெய் தடவிக் கொண்டுவந்து வைத்தாள். அவர் முழுவதையும் சாப்பிட்டார்.

சாயங்காலம் அந்த ஊர் ஏரிக்கரையில் நிறுத்திய பிறகு அவர் கண் என் மேலேயே இருந்தது. நான் இருமினால் திரும்பிப் பார்த்தார். படியில் இறங்கும்போது தடுக்கினால் எழுந்து நின்றார். "தலை சுத்துதா? எங்கனா வலிக்குதா?" என்று மூன்றாம் தரம் கேட்டபோது, "எனக்கு இன்னா வந்துச்சி, சும்மா இருங்க" என்று எரிந்து விழுந்தேன். விழுந்துவிட்டு, அந்த வண்டியின் சின்னக் குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டு, தையல் போட்ட இடத்தை விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தேன். பிறகு மறு பக்கத்தையும். ஒன்றும் தட்டுப்படவில்லை. மறுபடியும் முதலிலிருந்து பார்த்தேன்.

வெளியே வந்தபோது போன் அடித்தது. ஆரணி. போன் திரையில் எங்கள் வீட்டுக் கூடம், இலை நிறையத் தளிகை, புளியோதரையில் வரைந்த புருவம், மாவிளக்கு, பின்னால் பங்காளி வீட்டுக் கூட்டம். "அண்ணா, தெரியுதா? பாரு, உனக்காகத்தான் காத்துகினு இருக்கறோம். காலைலேருந்து பட்டினி இருப்ப, அதான் ஜல்தியா முடிச்சிட்டோம்" என்றான் சேகர்.

ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடுங்கள் என்று நான் கண்ணால் காட்டினேன். இவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நான் சாப்ட்டுட்டேன்டா."

அங்கே யாரோ ஒரு பெண் "ஐயையோ" என்றது கேட்டது. சேகர் என் முகத்தைத் தேடினான். அவனுக்கும் அந்த வேண்டுதல் தெரியும். அந்த ஆபரேஷன் அன்றைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனே அவன்தான்.

"அண்ணி நல்லா இருக்காங்களா?" என்று மட்டும் கேட்டான்.

"இருக்கறா. நீ கற்பூரத்தக் காட்டு."

கற்பூரம் ஏற்றினார்கள். கோவிந்தா, கோவிந்தா என்று போனுக்குள்ளிருந்து வந்த சத்தத்துக்குப் பக்கத்து வண்டிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். வித்யாவும் கார்த்தியும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். சேகரின் மனைவி தட்டை வழக்கப்படி போன் பக்கமாக நீட்டினாள். கண்ணாடிக்குள் அந்தச் சின்ன ஜ்வாலை ஆடியது.

இவர் இரண்டு உள்ளங்கையையும் போனுக்கு மேலே வைத்தார். ஊரில் என்றால் அந்தச் சூட்டைத் தன் கண்ணில்தான் ஒற்றிக்கொள்வார். இப்போது கையை அப்படியே எடுத்து, எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, என் மார்பின் மேல், அறுத்த இடத்தில், புடவையோடு சேர்த்து வைத்து அழுத்தினார். கை ஜில்லென்று இருந்தது. நான் அதை எடுக்கவிடவில்லை.